கருவேப்பிலங்குறிச்சிக் கொல்லையில் கோடை

விருத்தாசலத்திலிருந்து ஜயங்கொண்டம் செல்லும் சாலையில், வெள்ளாற்றுக்கு அருகே அமைந்தது கருவேப்பிலங்குறிச்சி. பஸ்ஸின் நெற்றியில் இப்பெயரை முதன்முறை எழுத்துக் கூட்டி வாசிப்பவர் புன்னகை செய்யாமல் இருப்பதில்லை. பெயரின் முற்பகுதி சமையலறையைச் சேர்ந்தது. பிற்பகுதியோ பழந்தமிழைச் சேர்ந்தது. குறிச்சி என்பது குறிஞ்சி நிலத்துச் சிற்றூருக்கு வழங்கிய சொல். ஆனால் இங்கே கண்ணுக்கெட்டிய தூரம் மலை என்பதே கிடையாது. அடுத்துள்ள விருத்தாசலத்தின் கதையும் அதுவே. முதுகுன்றம் என்றும் பழமலை என்றும் பெயர் பெற்ற அத்தலத்தில் வந்திறங்கும் யாத்திரிகர் குன்றைத் தேடி ஏமாறுவது வழக்கம். காணாத மலைகளின் பெயரைத் தாங்கிய இந்நாட்டில் கறிவேப்பிலையாவது கண்ணுக்குத் தெரிகிறதா என்று நேயர்கள் கேட்கலாம். தெரிகிறது. நம் வீட்டுக் கொல்லையிலேயே, துவைக்கும் கல்லின் அருகில், கழிவு நீரைக் குடித்து வளர்ந்த மரம் ஒன்று நிற்கிறது. ‘கறி’ சரியா, ‘கரு’ சரியா என்ற வழக்கைப் புலவர்களிடம் விட்டுவிடுவோம். ஊர்க்காரர் நாக்கில் அது கருவேப்பிலைதான்.

இப்பகுதியின் கோடையைப் பற்றி நல்ல வார்த்தை சொல்பவர் அரியர். சித்திரை பிறந்ததும் வெள்ளாறு மணலாகிவிடுகிறது. அக்கினி நட்சத்திர நாட்களில் பத்து மணிக்கு மேல் தெருவில் நாய் கூட நடமாடுவதில்லை. வசதியுள்ளவர்கள் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் போய்ப் பூக்காட்சி பார்த்துத் திரும்புகிறார்கள். நல்லதுதான், அப்பூக்களை நாமும் பார்த்திருக்கிறோம். ஆனால் விடுமுறை முழுவதும் ஊரிலேயே தங்கிவிடுகிறவர்களுக்கு அவரவர் கொல்லையில் நடைபெறும் காட்சி எந்த விதத்திலும் அதற்குக் குறைந்ததன்று. சீட்டு வாங்க வேண்டியதில்லை. விடியற்காலையில் ஒரு மணி நேரமும், அந்தியில் ஒரு மணி நேரமும் இருந்தால் போதும்.

நம் கொல்லை பெரிதல்ல. நீளம் முப்பதடி, அகலம் இருபதடி. வேலியோரம் ஒரு வேம்பு, ஒரு முருங்கை, செம்பருத்தி, நந்தியாவட்டை, சங்குபுஷ்பக் கொடி, இரண்டு குண்டுமல்லிப் புதர்கள், தானாக முளைத்த அந்திமந்தாரை, நித்தியகல்யாணி. சுதேசிப் பற்று மிக்க நண்பர் ஒருவர், இவற்றில் அந்திமந்தாரை அமெரிக்காக் கண்டத்திலிருந்தும், நித்தியகல்யாணி மடகாஸ்கர் தீவிலிருந்தும் வந்தவை என்று எடுத்துக்காட்டி, “இவற்றைப் பகிஷ்காரம் செய்ய வேண்டாமா?” என்று வேடிக்கையாகக் கேட்டார். மிளகாயும் அவ்வழியாக வந்ததுதான். அதை முதலில் அவர் தம் குழம்பிலிருந்து விலக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்வோம் என்றோம். அதன்பின் அப்பேச்சை அவர் எடுக்கவில்லை.

கோடை மல்லிகைக்கு உரிய காலம். மற்றச் செடிகள் வாடும் வெயிலில்தான் அது மொட்டு மொட்டாக வெடிக்கிறது. கார்த்திகை மாதத்தில் இரக்கம் பாராமல் கிளைகளை வெட்டிவிட்டால், பங்குனி முதல் ஆனி வரையில் பூவுக்குக் குறைவிராது. வெட்ட மனம் வராதவர்களுக்கு இலைதான் மிஞ்சும். அந்தி மயங்கும் நேரத்தில் மொட்டு இதழ் விரிப்பதைக் கண்ணால் பார்ப்பது அரிது. மூக்குத்தான் முதலில் அறிகிறது. இருட்டத் தொடங்கியதும், சற்று முன் மலர்ந்த அந்திமந்தாரையின் நீண்ட குழலில் தேன் பருகப் பெரிய அந்துப்பூச்சி ஒன்று வருவதுண்டு. பூவின் மேல் அமராமல், அந்தரத்தில் நின்றபடியே இறகுகளை அடித்துக்கொண்டு, தன் உடலளவு நீண்ட உறிஞ்சுகுழலை நீட்டிக் குடிக்கும். முதலில் பார்க்கும் குழந்தைகள் அதைப் பறவை என்றே நினைக்கின்றன.

ஆயினும் நம் கொல்லையின் கதாநாயகன் அந்தக் கறிவேப்பிலை மரந்தான். கோடையில் அது வெண்ணிறமான சிறு பூக்களைக் கொத்தாகத் தாங்கும். கொசுத்தேனீக்கள் காலை முழுவதும் அங்கேயே கிடக்கும். பின்னர்க் காய்த்துப் பழுத்துக் கருநீலமாகும்போது கொண்டைக்குருவிகளும் குயிலும் பழத்துக்குப் போட்டியிடும். இவற்றை யாரும் ஆட்சேபிப்பதில்லை. ஆட்சேபம் எல்லாம் புழுவைப் பற்றித்தான்.

தளிர் இலையின் மேல் ஒரு வண்ணத்துப்பூச்சி கடுகளவான வெளிர்மஞ்சள் முட்டைகளை ஒவ்வொன்றாக இட்டுச் செல்கிறது. சில நாட்களில் புழு வெளிவருகிறது. அப்பொழுது அதைப் பார்த்தால் எவரும் பறவையின் எச்சம் என்றே எண்ணுவர். பறவைகளும் அவ்வாறே எண்ண வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. கடைசியாக ஒரு முறை தோலுரித்ததும் அது இலையின் பச்சையாகவே மாறிவிடுகிறது. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து பாம்பின் நாக்கைப் போலப் பிளவுபட்ட சிவப்பு உறுப்பு ஒன்றை நீட்டிக் கடுநெடியைப் பரப்பும். இவ்வளவு தற்காப்பும் நம் பக்கத்து வீட்டு ஆயாவிடம் செல்லவில்லை.

“என்னங்க வாத்தியாரய்யா, புழுவுக்குப் போடவா மரம் வெச்சிருக்கீங்க? ஒரு கொத்து ரசத்துக்குக் கிள்ளலாம்னா காம்புதான் நிக்குது. மருந்து அடிக்கிறவனைக் கூப்பிடுங்க” என்று ஆயா கடிந்துகொண்டார்.

நாம் மருந்துக்கு உடன்படவில்லை. ரசத்தில் போடப்போகும் இலையின் மேல் விஷத்தைத் தெளிப்பது புத்திசாலித்தனமாகத் தோன்றவில்லை. மேலும் ஒரு மரம் இழக்கும் இலை எவ்வளவு? பெரிய மரத்தில் நாலைந்து புழுக்கள் தின்பது ஒரு பொருட்டே அன்று. சிறு செடியாயின் புழுவை எடுத்துப் பெரிய மரத்தில் விட்டுவிடலாம், கையைக் கடிக்காது. முட்டையிலிருந்து இறகு முளைப்பது வரையில் ஏறக்குறைய ஒரு மாதம். அந்த ஒரு மாதத்துக் கூலியாக அது நமக்குக் காட்டும் வித்தை சாமானியமானதன்று.

இக்காலத்துத் தமிழ்ப் பூச்சி ஆர்வலர் அந்த வண்ணத்துப்பூச்சிக்குக் ‘கறிவேப்பிலை அழகி’ என்று பொருத்தமான பெயர் சூட்டியிருக்கிறார்கள். ஆண் கறுப்பு நிறம். பின்னிறகில் குறுக்கே வெண்புள்ளி வரிசை ஒன்று மாலை போல ஓடும். பெண்களிலோ மூன்று வகை உண்டு. ஒரு வகை ஆணைப் போலவே இருக்கும். மற்ற இரண்டும் வேறு இனங்களின் வேஷத்தைப் போட்டுக்கொண்டு திரிகின்றன! அவற்றுள் ஒன்று பின்னிறகில் வெள்ளைத் திட்டும் சிவப்புப் புள்ளிகளும் தாங்கி, ‘ரோஜா அழகி’ என்னும் வேறொரு வண்ணத்துப்பூச்சியை அச்சாக ஒத்திருக்கும். காரணம் யாது? ரோஜா அழகியின் புழு, நம் வயலோரங்களில் படரும் ஆடுதீண்டாப்பாளையைத் தின்று வளர்வது. ஆடும் தீண்டாத அந்த இலையின் நஞ்சு அதன் உடலிலும் ஏறிவிடுகிறது. ஒரு முறை கொத்திப் பார்த்த பறவை மறுமுறை அந்த உருவத்தின் அருகே போகாது. நஞ்சில்லாத நம் கறிவேப்பிலை அழகி அந்த உருவத்தை இரவல் வாங்கிப் பிழைக்கிறது. வேஷத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: உண்மையான ரோஜா அழகியின் உடல் சிவந்திருக்கும், வேஷக்காரியின் உடல் கறுப்பு. இறகுகளுக்கு மட்டும் சாயம் பூசிக்கொண்டு உடலை மறந்துவிட்டாள் போலும்!

ஒரே தாய் வயிற்றில் மூன்று உருவப் பெண்கள் பிறப்பதை 1865-ம் வருஷத்திலேயே ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் எழுதி வியந்தார். அது எவ்வாறு நிகழ்கிறது என்பதற்கு விடை கிடைக்க ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. ஒரே ஒரு மரபணுவின் வேறுபாடே இத்தனை வேஷத்துக்கும் காரணம் என்று 2014-ல் ‘நேச்சர்’ பத்திரிகையில் வெளியான ஆராய்ச்சி காட்டியது. அதை நடத்தியவர்களில் முதல்வர் நம் நாட்டவரான கிருஷ்ணமேக் குண்டே என்பதில் நமக்கு மகிழ்ச்சி. வாலஸ் மலேயாத் தீவுகளில் அலைந்து திரிந்து கண்ட அதிசயம் நம் ஊரில் துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் நடைபெறுகிறது என்பதில் அதைவிட மகிழ்ச்சி.

அருகில் உள்ளதை உற்றுப் பார்க்கும் கலையைத் தமிழருக்குக் கற்பித்தவர்களில் மா. கிருஷ்ணன் (1912–1996) முக்கியமானவர். நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர். 1950 முதல் தம் வாழ்நாள் இறுதி வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் நாட்டுப்புறத்து உயிர்களைப் பற்றி எழுதிவந்தார். தமிழிலும் அழகாக எழுதினார். யானையையும் புலியையும் அறிந்த அவர், அணிலையும் காகத்தையும் அலட்சியம் செய்தவரல்லர்.

கோடையில் கொல்லைக்கு உயிர் கொடுப்பது தண்ணீர். விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர் பெற்ற ஊர் என்பதை நேயர்கள் அறிவார்கள். நெய்வேலிச் சுரங்கத்து வெண்களிமண்ணும் சூளைகளும் சேர்ந்து அகல் விளக்காகவும் கொலுப் பொம்மையாகவும் அங்கிருந்து வெளியூர்களுக்குப் போகின்றன. விளிம்பு உடைந்த பீங்கான் தட்டு ஒன்றைச் செம்பருத்தி நிழலில் வைத்துத் தண்ணீர் ஊற்றி வருகிறோம். உள்ளே ஒரு கூழாங்கல். தேனீ வழுக்கி விழாமல் நின்று குடிப்பதற்காக. தினந்தோறும் பழைய நீரைக் கொட்டிப் புது நீர் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் கொசுவை வளர்த்த பாவம் வந்து சேரும். தவிட்டுக் குருவிகள் கூட்டமாக வந்து, ஒன்றையொன்று வைதுகொண்டே குளிக்கும். தேன்சிட்டு தனியாக வரும். அது துணி காயப்போடும் கொடியில் நாரும் சிலந்தி நூலும் கொண்டு கூடு தொங்கவிட்ட வருஷம், நம் வீட்டுத் துணிகள் எல்லாம் வேலியில் காய்ந்தன.

தட்டுக்கு வரும் விருந்தாளிகளில் ஒருவர் குயவர். மெல்லிய இடையுடைய குளவி அது. தண்ணீரை வாயில் எடுத்துப்போய், வெற்று மண்ணில் உமிழ்ந்து, குழைத்து, சிறு உருண்டையாக்கிச் சுவருக்குக் கொண்டுபோகும். அங்கே நெல்லிக்காயளவு குடம் ஒன்று, கழுத்தும் விளிம்புமாக உருவாகும். சக்கரமும் இல்லை, சூளையும் இல்லை. ஆனால் விருத்தாசலத்துக் கைவினைஞர் எவரும் குறை சொல்ல முடியாது. உள்ளே முட்டையிட்டு, கொட்டி மயக்கிய புழுக்களை அடுக்கி, வாயை மூடிவிட்டுப் போய்விடும். கொட்டக் கொட்டப் புழுவே குளவியாக மாறுகிறது என்று நம் வேதாந்திகள் இதை உவமையாக எடுத்தாண்டார்கள். உவமை அழகுதான். உண்மையில் அந்தப் புழு சீடனல்ல, சாப்பாடு. நம் மரத்துப் புழுக்களை அடக்க மருந்து தேவையில்லை என்று ஆயாவிடம் நாம் வாதாடியதற்கு இத்தகைய குளவிகளும் சாட்சி.

கூரையின் இறவாணத்தின் கீழ், மழையும் வெயிலும் படாத புழுதியில், கவிழ்த்த கூம்பு போன்ற சிறு குழிகள் வரிசையாக இருக்கும். அவை குழியானையின் வீடுகள். எறும்பு சரிந்து உள்ளே விழுந்தால், அடியில் புதைந்திருக்கும் பிராணி மணலை வாரி இறைத்து அதை மேலே ஏறவிடாமல் செய்து பிடித்துக்கொள்ளும். பின்னோக்கியே நகரும் இந்தப் பூச்சி பிற்காலத்தில் தும்பியைப் போல் இறகு பெற்றுப் பறந்துபோகிறது. ஓணானும் உண்டு. இக்காலத்தில் ஆண் ஓணானின் கழுத்து சிவப்பதால் வெள்ளைக்காரர் அதற்கு ‘ரத்தம் உறிஞ்சி’ என்று பெயர் வைத்தனர். நம் சிறுவரோ கல்லெறிகின்றனர். அது ஒருவர் ரத்தத்தையும் உறிஞ்சியதில்லை. அரணை நக்கினால் மரணம் என்பதும் அவ்வாறே வீண் பழி. அரணைக்கு விஷமே கிடையாது.

இப்பொழுது நம் வீட்டில் ஒரு வழக்கு நடைபெற்று வருகிறது. தெருவில் பல வீடுகளில் கொல்லைக்குச் சிமெண்டுத் தளம் போட்டாகிவிட்டது. பெருக்குவதற்குச் சுலபம், பாம்பு வராது, மழைக்காலத்தில் சேறு இல்லை என்பவை தளக் கட்சியாரின் நியாயங்கள். நியாயமில்லாதவை என்று சொல்வதற்கில்லை. முழங்கால் வலியுடன் தினமும் கொல்லையைக் கூட்டுபவர் நாமல்ல. நம் கட்சியின் பதில் இதுதான்: ஓணான் முட்டையிடப் பொலபொலப்பான மண் வேண்டும். குழியானைக்குப் புழுதி வேண்டும். குளவிக்குக் களிமண் வேண்டும். அந்திமந்தாரை தானாக முளைக்க வெறும் தரை வேண்டும். தளத்தின் மேல் நூறு பூந்தொட்டிகளை அடுக்கினாலும் இவற்றில் ஒன்று கூடத் திரும்பி வராது. மண்ணினால் புகழ் பெற்ற ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு கையளவு மண்ணை மூடாமல் வைத்திருக்க முடியாதா என்றும் கேட்டோம். கடைசியில் ராஜி ஏற்பட்டது: வாசற்படியிலிருந்து துவைக்கும் கல் வரையில் நடப்பதற்கு மூன்றடி அகலத்தில் தளம், மற்றது மண். கொத்தனார் அளந்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் கயிறு பிடித்தபோது முழுக் கொல்லைக்கும் சேர்த்தே கணக்குப் போட்டதைக் கவனித்தோம். ஆகவே வேலை நடைபெறும் அன்று வீட்டை விட்டு நகர்வதாக இல்லை.

அதற்குள் ஒரு கோடை மழை வந்துவிட்டால் நல்லது. முதல் மழை நனைத்த மறுநாட் காலையில், ஈர மண்ணிலிருந்து செம்பட்டுத் துணியில் வெட்டியெடுத்தது போன்ற பட்டுப்பூச்சிகள் ஊர்ந்து வெளிவரும். எட்டுக்கால் படைத்த சிற்றுயிர் அது. தொட்டால் கால்களை மடக்கிக்கொண்டு குன்றிமணி போல் உருளும். நம் வீட்டுக் குழந்தைகள் அதற்காக இப்பொழுதே காலித் தீப்பெட்டிகளைச் சேகரித்து வைத்திருக்கின்றன. மாலைக்குள் திரும்ப மண்ணில் விட்டுவிட வேண்டும் என்பது நிபந்தனை.