ஸ்பிட்ஃபயருக்குள் அடித்த அனல்

நாகபுரியில் மே மாத வெயில் 45 டிகிரியைத் தாண்டுவது ஒன்றும் செய்தியல்ல. அஜ்னி பகுதியில் வசிக்கும் அந்த ஓய்வுபெற்ற ரயில்வே மெக்கானிக்கைப் படுத்தியது வேறு வெயில். அவருடைய காருக்குள், காலடியில் அடித்த வெயில்.

கார் 1968-ஆம் வருடத்திய ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3. இரண்டே இருக்கை, துணிக்கூரை, 1296 சிசி இன்ஜின் கொண்ட பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். மும்பையில் ஒரு பழைய கராஜில் எலிகளின் குடியிருப்பாகக் கிடந்ததை வாங்கி வந்து, வீட்டு போர்டிகோவிலேயே ஆறு வருடம் கழற்றி, வெல்டிங் வைத்து, மீண்டும் பூட்டினார். வெளிநாட்டுக் காரை இங்கே சரிசெய்ய முடிந்ததற்குச் சென்னையும் ஒரு காரணம். ஸ்பிட்ஃபயர், ஹெரால்டின் தம்பி. இரண்டையும் வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி. ஹெரால்டின் சேஸியைக் குறுக்கித்தான் 1962-ல் ஸ்பிட்ஃபயரை உருவாக்கினார்கள். ஹெரால்டோ 1961 முதல் சென்னையில் தயாரானது. பழைய ஹெரால்டு ஒன்றை உடைத்தபோது கிடைத்த சாமான்கள் தம்பிக்கும் பொருந்தின.

வண்டி ஓடத் தொடங்கியதும் மனைவியை ஏற்றிக்கொண்டு சுமார் 50 கிலோமீட்டர் தள்ளியுள்ள ராம்டேக் கோயிலுக்குப் போனார். வழியிலேயே மனைவி செருப்பைக் கழற்றிக் காலை மடக்கிக்கொண்டார். "அஹோ, இது காரா, தந்தூர் அடுப்பா?" என்று கேட்டவர், போய்ச் சேர்ந்ததும் தலைவலி என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டார். திரும்பி வந்தது பஸ்ஸில்.

கார் அலங்காரக் கடையில் தீர்வு தயாராக இருந்தது. ஒரு பக்கம் அலுமினியத் தாள், மறுபக்கம் தார்போல ஒட்டும் கறுப்பு விரிப்பு. தரை முழுக்க ஒட்டிவிட்டால் போதும் என்றார் கடைக்காரர். இந்த வியாபாரத்தில் அடிக்கடி நடக்கும் குழப்பம் இது. அந்த விரிப்பு தகரத்தின் அதிர்வை அடக்கிச் சத்தத்தைக் குறைக்கத்தான் பிறந்தது. வெப்பத்தைத் தடுப்பது அதன் முக்கிய வேலையே அல்ல. மலிவான தார் ரகம் என்றால் நாகபுரி வெயிலில் இளகி நாறும்.

அவர் உடனே வாங்கவில்லை. உறுத்தியது தலைவலி. சூடு காலைச் சுடலாம். ஏப்ரல் மாதக் காலை வேளையில் ஒரு மணி நேரத்துக்குள் தலையை ஏன் வலிக்க வைக்கிறது? கண்ணாடியை இறக்கியதும் ஏன் குறைந்தது? இளம் வயதில் ரயில்வே ஷெட்டில் நீராவி இன்ஜின்களோடு பழகியவர். கசிவை அடைக்காமல் குழாய்க்கு மேல் போர்வை சுற்றக்கூடாது என்பது அங்கே கற்ற முதல் பாடம்.

அன்றிரவு தெரு விளக்கும் எட்டாதபடி காரைப் போர்வைகளால் மூடி, இன்ஜின் பக்கம் ஒரு பல்பை எரியவிட்டு, உள்ளே போய் உட்கார்ந்தார். இருட்டில் நட்சத்திரங்கள் தெரிந்தன. ஒயர்கள் நுழையும் இடங்களில் ரப்பர் வளையங்கள் உளுத்துப் போயிருந்தன. பெடல்கள் வரும் இடத்தில் இடைவெளி. எல்லாவற்றையும்விட மோசம் நடுமேடு. ஸ்பிட்ஃபயரில் கியர்பாக்ஸை மூடியிருப்பது தகரம் அல்ல. அழுத்திய அட்டையால் ஆன, கழற்றக்கூடிய மூடி. அரை நூற்றாண்டில் அது ஓரமெல்லாம் நைந்து, ஸ்குரூ ஓட்டைகள் கிழிந்து, பப்படம் மாதிரி ஆகியிருந்தது.

மறுநாள் காலை, குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பியதும் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம். சூடேறியதும் மறைந்தது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கேஸ்கெட் கசியும்போது வரும் சத்தம் பல நேரம் இப்படித்தான் இருக்கும். கழற்றிப் பார்த்தபோது கேஸ்கெட்டில் கரி படிந்த ஒரு பாதை. புகை அந்த வழியாக வெளியேறி, அட்டை மூடியின் விரிசல்கள் வழியே இருக்கைகளுக்கு இடையே வந்துகொண்டிருந்தது. புகைக்கு வாடை உண்டு. அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி அதன் முதல் தட்டல். விரிப்பை மட்டும் ஒட்டியிருந்தால் காலுக்கு இதமாக இருந்திருக்கும். மனைவியும் பஸ்ஸில் ஏறியிருக்க மாட்டார்.

பிறகு நடந்தவை வரிசைப்படிதான். மேனிஃபோல்டின் முகத்தைச் சமமாகத் தேய்த்துப் புதுக் கேஸ்கெட். பற்றவைக்கும் நேரம் பின்தங்கியிருந்தால் புகைக்குழாய் கூடுதலாகக் காயும் என்பதால் டைமிங்கையும் திருத்தினார். குளிருக்காக வெள்ளைக்காரன் வைத்த ஹீட்டருக்குப் போன வெந்நீரைத் துண்டித்தார்; நாகபுரியில் அதைத் தேடுவார் யாருமில்லை. அட்டை மூடிக்குப் பதில் அதையே அச்சாக வைத்து ஃபைபர் கிளாஸில் ஒன்று வார்த்தார். ஓட்டைகளுக்குப் புது ரப்பர் வளையங்கள்.

காப்பு வேலை அதன் பின்தான். புகைக்குழாய்க்கும் தரைக்கும் நடுவில், இரண்டையும் தொடாமல், ஓர் அலுமினியத் தகடு. பளபளப்பான அலுமினியம் கதிராக வரும் வெப்பத்தில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். ஆனால் முன்னால் காற்று இடைவெளி வேண்டும். நேராக ஒட்டி நசுக்கினால் அதுவும் வெறும் தகரம்தான். உள்ளே, ஏ.சி. குழாய்களுக்குச் சுற்றும் கறுப்பு நைட்ரைல் ரப்பர் நுரை; நீர் குடிக்காது, ஆகவே தரை துருப்பிடிக்காது. பழைய சணல் விரிப்பைத் தூக்கி எறிந்தார். புகைக்குழாயில் துணிப்பட்டை சுற்றச் சொன்ன நண்பரின் யோசனையை ஏற்கவில்லை. மழைக்காலத்தில் ஈரத்தைப் பிடித்து வைத்துக் குழாயைத் தின்றுவிடும் என்பது அவர் கட்சி. அதில் நியாயம் உண்டு.

ஜூன் முதல் வாரம் மறுபடி ராம்டேக். மனைவி செருப்போடு இருந்தார், போகவும் வரவும். துணிக்கூரை வழியே இறங்கும் வெயிலுக்கு இன்னும் வழி பிறக்கவில்லை. அதற்குக் குடை பிடிக்கிறார். டாஷ்போர்டுக்குக் கீழே கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று ஒட்டியிருக்கிறது. அதன் பேட்டரியைப் பார்ப்பது மட்டும் அவர் பொறுப்பு. கணவரை நம்பி விடுவதில்லை.