21 டாலருக்கு 16 வினாடி

ஹெட்செட் பக்கத்துல இருந்தா எடுத்து மாட்டிக்கோங்க. பில் ஹேலியும் அவரோட காமெட்ஸ் குழுவும் 1954-ல் பதிவு செய்த ‘ராக் அரவுண்ட் த கிளாக்’ பாட்டைத் தேடிப் போடுங்க. 44-வது வினாடி வாக்கில் ஹேலி பாடுறதை நிறுத்துவார். கிட்டார் உள்ளே வரும். அந்த இடத்தை மட்டும் ரெண்டு தடவை கேட்டுட்டு வாங்க, பேசுவோம்.

அந்த சோலோ மொத்தம் 12 பார். ஒரு பாருக்கு 4 பீட், ஆக 48 பீட். பாட்டோட வேகம் நிமிஷத்துக்குச் சுமார் 180 பீட். கணக்குப் போட்டா 16 வினாடி. அவ்வளவுதான். முதல்ல ஒரே சுரத்தைப் படபடன்னு திரும்பத் திரும்ப மீட்டுவார். கடைசியில் மேலேர்ந்து கீழே ஒரு ஓட்டம், இடையில் ஒரு சுரத்தைக்கூட விடாம. நான் கிட்டார் எடுத்து மூணு வருஷம் ஆச்சு. பாதி வேகத்தில் வாசிச்சாலே அந்த ஓட்டத்தில் எனக்கு விரல் பின்னிக்குது.

வாசித்தவர் பெயர் டேனி செட்ரோன். சக் பெர்ரி தெரியும், எல்விஸ் தெரியும். இவரைத் தெரியுமான்னு எங்க மியூசிக் கிளப்பில் கேட்டேன். ஒருத்தருக்கும் தெரியல. ஆனா அந்த சோலோவை எல்லாரும் எங்கேயோ கேட்டிருக்காங்க!

செட்ரோன் 1920-ல் நியூயார்க் மாகாணத்தில் பிறந்தவர். ‘எஸ்கொயர் பாய்ஸ்’னு சொந்தமா ஒரு குழு வச்சிருந்தார். ஹேலிக்கு ரெக்கார்டிங் இருந்தா கூப்பிடுவாங்க, போய் வாசிச்சுட்டு வருவார். காமெட்ஸில் அவர் முழுநேர ஆள் கிடையாது. நம்ம பாஷையில் சொன்னா ஃப்ரீலான்ஸர்.

1954 ஏப்ரல் 12. நியூயார்க்கில் பித்தியன் டெம்பிள் என்ற கட்டடத்தில் டெக்கா கம்பெனியின் ரெக்கார்டிங். வர்ற வழியில் குழு வந்த ஃபெர்ரி மணல்திட்டில் சிக்கிக்கொண்டது, அதனால் லேட். வந்த பிறகும் பெரும்பாலான நேரத்தை வேறொரு பாட்டு எடுத்துக்கொண்டது. கம்பெனி நம்பினது அந்தப் பாட்டைத்தான். மிச்சமிருந்த கொஞ்ச நேரத்தில் நம்ம பாட்டு, ரெண்டே டேக். முதல் டேக்கில் வாத்தியங்களோட சத்தத்தில் ஹேலியின் குரல் அமுங்கிப்போச்சு. அதனால் ரெண்டாவது டேக்கில் குரலுக்கு முக்கியத்துவம் கொடுத்து எடுத்து, பிறகு ரெண்டையும் சேர்த்தாங்க.

செமஸ்டருக்கு முந்தின ராத்திரி மாதிரியான இந்த அவசரத்தில் செட்ரோன் புதுசா எதையும் யோசிக்கல. 1952-ல் ஹேலியின் குழுவோட ‘ராக் த ஜாயிண்ட்’ என்ற பாட்டுக்கு, எஸ்ஸெக்ஸ் என்ற சின்ன கம்பெனிக்காக வாசித்த அதே சோலோவை எடுத்து இங்கே வைத்தார். ரெண்டையும் அடுத்தடுத்து கேட்டா உங்களுக்கே புரியும்.

“அட, பழைய கோடைக் காப்பி பேஸ்ட் பண்ணிட்டாரா?”ன்னு என் ரூம்மேட் சிரிச்சான். எனக்கு அப்படித் தோணல. ஏற்கெனவே கைக்குப் பழகி, எங்கேயும் தடுக்காம ஓடுற ஒரு விஷயம் அவர்கிட்ட இருந்தது. நேரம் இல்லாத அன்னைக்கு அதுதான் காப்பாத்திச்சு. வேறொரு ரெக்கார்டுக்காக ரெண்டு வருஷம் முன்னாடி உழைச்ச உழைப்பு அது.

அன்றைய வேலைக்கு அவருக்குக் கிடைத்தது 21 டாலர். செஷன் இசைக்கலைஞருக்கு அன்றைக்கான கூலி மட்டும்தான். ரெக்கார்டு ஒரு பிரதி வித்தாலும் ஒரு கோடி வித்தாலும் அதே 21. லேபிளில் ஹேலியின் பேர், குழுவின் பேர். செட்ரோன் பேர் இல்லை.

மே மாசம் ரெக்கார்டு வெளிவந்தது. இந்தப் பாட்டு அதில் பி-சைடு. பெரிசா ஓடல. ஜூன் 7-ம் தேதி ‘ஷேக், ராட்டில் அண்ட் ரோல்’ பாட்டுக்காக ஹேலி மறுபடி கூப்பிட்டார், செட்ரோன் போய் வாசித்தார். பத்தே நாள். ஜூன் 17-ம் தேதி மாடிப்படியிலிருந்து விழுந்து கழுத்து முறிந்து இறந்துபோனார். இன்னும் மூணு நாள் போயிருந்தா 34-வது பிறந்தநாள்.

அடுத்த வருஷம் ‘பிளாக்போர்டு ஜங்கிள்’ படம் வந்தது. ஹீரோ க்ளென் ஃபோர்டின் வீட்டில் அவர் மகன் பீட்டர் வைத்திருந்த ரெக்கார்டிலிருந்துதான் இந்தப் பாட்டு டைரக்டருக்குக் கிடைத்ததாம். ஒரு சின்னப் பையனோட டேஸ்ட்! படத்தின் தொடக்கத்தில் பாட்டு ஒலித்தது. தியேட்டர்களில் பசங்க எழுந்து ஆடினாங்க. 1955 ஜூலையில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம், எட்டு வாரம் அங்கேயே. பிறகு மேடைகளில் அந்த சோலோவை வாசித்தவர் ஃபிரானி பீச்சர். வாசிச்சு வச்ச மனுஷன் பாட்டு ஜெயிச்சதையே பார்க்கல.

ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் 1987-ல் ஹேலியைச் சேர்த்தாங்க, தனியா. காமெட்ஸ் உறுப்பினர்களோட செட்ரோன் பேரையும் சேர்த்தது 2012-ல். “லேட்டானாலும் அங்கீகாரம் கிடைச்சுதே”ன்னு இதை ஃபீல்-குட் கதையா முடிக்க எனக்கு மனசு வரல. 58 வருஷம் கழிச்சு ஒரு பலகையில் பேர் ஏறினா, ஏறினவருக்கு என்ன தெரியும்? நமக்குத்தான் கொஞ்சம் நிம்மதி.

ஹேலியை வில்லனாக்கவும் மாட்டேன். அன்னைக்கு இருந்த வழக்கம் அது. ஆனா வழக்கம்னு ஒண்ணு இருந்தா, அதில் யாரோட பேராவது விடுபட்டுத்தான் போகுது.

ஃபைனல் இயர் மக்களே, இப்போ நாம எல்லாரும் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதிட்டு இருக்கோம். நன்றியுரைப் பக்கத்துக்கு என்ன பண்றோம்? சீனியர் ரிப்போர்ட்டை வாங்கி அப்படியே ஒட்டுறோம். சேர்மன், பிரின்சிபல், எச்ஓடி, கைடு, பெற்றோர், நண்பர்கள். முடிஞ்சுது. எங்க போர்டில் ஒரு ஐசி எரிஞ்சப்போ, ரிவ்யூவுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஏழரை வரைக்கும் லேபைப் பூட்டாம பக்கத்திலேயே உக்காந்து, புது ஐசியைத் தானே சால்டர் பண்ணிக் கொடுத்தவர் லேப் அண்ணா. அந்த வரிசையில் அவருக்கு இடமே கிடையாது. அவர் செய்த வேலையும் சில நிமிஷம்தான். அது இல்லேன்னா மறுநாள் எங்க டெமோவே இல்லை.

எங்க டீமில் பேசி, இந்த வருஷம் அந்தப் பக்கத்தை நாங்களே எழுதுறோம். அண்ணாவோட முழுப்பேர் என்னன்னு கேட்டப்போ அவர் கொஞ்சம் முழிச்சார். “எதுக்குப்பா?”ன்னார். இனிஷியலோட வாங்கிட்டு வந்தோம்.

நீங்களும் பைண்டிங்குக்குக் கொடுக்கிறதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்தை ஒரு தடவை திறந்து பாருங்க. உங்க டீமோட 16 வினாடியை யார் வாசிச்சாங்க?