தண்ணீர் வராத இடம்

ஓர் அணையால் யார் யார் ஊரை இழப்பார்கள் என்று கணக்கிட எளிய வழி ஒன்று உண்டு. நீர்த்தேக்கம் நிரம்பினால் தண்ணீர் எந்த உயரம் வரை ஏறுமோ, அந்த உயரத்தில் வரைபடத்தில் ஒரு கோடு போடுவார்கள். உள்ளே இருப்பவர் கிளம்ப வேண்டும். வெளியே இருப்பவருக்குப் பிரச்சினை இல்லை. இன்ஜினியரிங் படித்தவர்களுக்குப் பிடிக்கிற மாதிரி சுத்தமான கோடு. மகாவலித் திட்டம் அந்தக் கோட்டுக்குள் அடங்கவில்லை.

மகாவலி இலங்கையின் மிக நீளமான ஆறு. முப்பது வருஷத்தில் செய்யத் திட்டமிட்டதை, 1977-ல் ஆட்சிக்கு வந்த ஜே.ஆர். ஜெயவர்த்தன ஆறு வருஷத்தில் முடிக்க முனைந்தார். 1978-ல் நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதி முறையை அரசியலமைப்பில் எழுதிக்கொண்டார். 1982 டிசம்பரில் பொதுத்தேர்தலுக்குப் பதிலாக ஒரு வாக்கெடுப்பு நடத்தி, இருந்த நாடாளுமன்றத்தையே இன்னும் ஆறு வருஷம் நீட்டிக்கொண்டார். கண்டிக்குக் கிழக்கே 122 மீட்டர் உயரத்தில் விக்டோரியா அணை எழுந்தது. 210 மெகாவாட் மின்நிலையம். பணம் கொடுத்தது பிரிட்டன். 1985 ஏப்ரலில் மார்கரெட் தாட்சர் வந்து திறந்து வைத்தார். பழைய தெல்தெனிய நகரம் தண்ணீருக்குள் போனது. அந்த மக்களின் இழப்பு பெரியது. ஆனாலும் கோட்டுக்குள் இருந்ததால் அவர்கள் கணக்கில் வந்தார்கள்.

தண்ணீர் பாய வேண்டிய நிலங்களுக்கு ஆங்கில எழுத்துகளில் பெயர் வைத்தார்கள்: சிஸ்டம் பி, சிஸ்டம் சி, சிஸ்டம் எச். புரோகிராம் எழுதுகிற எனக்கு அவை வேரியபிள் பெயர்கள் மாதிரித் தெரியும். அதில் 'எல்' என்பது முல்லைத்தீவின் தெற்கில் இருக்கிற மணலாறு.

1977 கலவரத்துக்குத் தப்பி வந்த மலையகத் தமிழர்கள் அங்கே கென்ட், டொலர் பண்ணைகளில் இருந்தார்கள். 1984-ல் அவர்களை அகற்றிவிட்டு, சிங்களக் கைதிகளைக் குடும்பத்தோடு குடியமர்த்தினார்கள். அந்த நவம்பர் இறுதியில் புலிகள் அங்கே புகுந்து பொதுமக்களைக் கொன்றார்கள். அடுத்த மாதமே கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்களை ராணுவம் வெளியேறச் சொன்னது. 1988-ல் அந்த நிலம் மகாவலி அதிகாரசபையின் கைக்குப் போனது, வெலிஓயா என்ற பெயரில். சிங்களத்தில் அதற்கும் மணல் ஆறு என்றுதான் அர்த்தம்.

எங்க ஊர் மாப்பிள்ளையூரணியில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருக்கிறது. அங்கே கொக்கிளாய்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம் மகாவலியைப் பற்றிக் கேட்டேன்.

"மகாவலித் தண்ணியோ? அதை நாங்கள் கண்ணாலயும் காணேல்லை, தம்பி."

அவர் போன பிறகும் அது வரவில்லை. நாற்பது வருஷம் ஆகியும் மகாவலி நீர் சிஸ்டம் எல்-ஐ எட்டவில்லை. நிலத்தை எடுக்கத் தண்ணீர் தேவைப்படவில்லை, வரும் என்ற அறிவிப்பே போதுமாக இருந்தது. கேள்வி கேட்க வேண்டிய நாடாளுமன்றமோ தேர்தலே இல்லாமல் நீட்டிக்கப்பட்டது. தெல்தெனிய மக்கள் எங்கே போனார்கள் என்று அணையின் கணக்கில் தேடலாம். கொக்கிளாய்க்காரர் அந்தக் கணக்கில் எங்குமே இல்லை. அவரை வெளியேற்றியது தண்ணீர் இல்லையே.

போர் முடிந்து ஊர் திரும்பியவர்கள், 1984-க்கு முந்தைய காணிப் பத்திரங்களைக் கையில் வைத்துக்கொண்டு, தங்கள் வயலுக்காக இன்றும் மகாவலி அதிகாரசபையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.