தும்பிக்கைக்கு ஒரு மோட்டார்

பனியைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. நமக்குப் பனி என்றால் மார்கழியில் மப்ளர் சுற்றிக்கொள்ளும் சமாசாரம். புல் நுனியில் முத்தாக நிற்கும். வெயில் ஏறினால் போய்விடும். இந்த ஞானத்தை வைத்துக்கொண்டு, முன்பு ஒரு நாவலில் கதாநாயகனை வெளிநாட்டுக்கு அனுப்பி, அவன்மேல் மல்லிகைப் பூவைச் சொரிவதுபோல் பனி பொழிய வைத்தேன். வாசகர்கள் பாராட்டினார்கள். கனடாவிலிருந்து என் அக்கா மட்டும், "தம்பி, ஒரு ஜனவரியில் வந்து அந்தப் பூவை நீயே கொஞ்சம் பெருக்கிப் பாரேன்" என்று எழுதியிருந்தாள்.

இரண்டு வருஷங்களுக்கு முன் ஒரு ஜனவரியில் போனேன்.

அக்காவும் அத்தானும் இருப்பது ஒண்டாரியோ மாகாணத்தில், ஜார்ஜியன் விரிகுடாவுக்குத் தெற்கே, ஒரு நாட்டுப்புறத்தில். குளிர்ந்த காற்று ஏரி நீரின்மேல் வரும்போது ஈரத்தை வாரிக்கொள்கிறது. கரை ஏறியதும் அதையெல்லாம் பனியாகக் கொட்டிவிடுகிறது. டொரண்டோவில் வெயில் அடிக்கும் நாளில்கூட இங்கே இடுப்பளவு கொட்டும். வீட்டு வாசலிலிருந்து சாலைக்கு முந்நூறு அடி. சாலையைச் சர்க்கார் வண்டி வந்து சுத்தம் செய்துவிடும். இந்த முந்நூறு அடி அவரவர் பாடு. அதைத் திறக்காவிட்டால் பால் இல்லை, டாக்டர் இல்லை, ஆபத்துக்கு ஆம்புலன்ஸும் இல்லை.

அதற்காக அத்தான் ஒரு சிறு டிராக்டர் வைத்திருந்தார். அதன் பின்னால் ஸ்னோ புளோயர் என்கிற பனி யந்திரம். நம் ஊரில் ரோட்டவேட்டரைச் சுழற்றுகிறதே, டிராக்டரின் பின்பக்கத்துத் தண்டு, நிமிஷத்துக்கு 540 சுற்று, அதே தண்டுதான் இதையும் ஓட்டுகிறது. கீழே ஒரு திருகு பனியை நடுவுக்கு வாரித் தள்ளும். அங்கே ஒரு விசிறி அதை அள்ளி, மேலே நிற்கும் வளைந்த குழாய் வழியாகத் தூர எறியும். அந்தக் குழாய்க்கு நானாகவே தும்பிக்கை என்று பெயர் வைத்துவிட்டேன்.

இந்த யோசனைக்கு முதல் வித்திட்டவர் டொரண்டோவில் ஒரு பல் வைத்தியர். 1869-ல் ரயில் பாதைக்காக எலியட் என்ற அவர் சுழலும் பனிக்கலப்பை ஒன்றை வரைந்தார். தெருவுக்கான யந்திரத்தை 1925-ல் செய்தவர் கியூபெக்கைச் சேர்ந்த ஆர்தர் சிக்கார்ட். கதிரடிக்கும் யந்திரம் ஒன்றைப் பார்த்துத்தான் அவருக்கு அது தோன்றியதாம்.

யந்திரம் வாரிவிடும், எங்கே எறிவது என்பதுதான் கேள்வி. சாலையில் எறிந்தால் ஒண்டாரியோவில் சட்டப்படி குற்றம். காரின்மேலும் எறியக் கூடாது, வீட்டு ஜன்னலிலும் எறியக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, காற்றுக்கு எதிரே எறிந்தால் எறிந்தவன் முகத்திலேயே திரும்பி வரும். ஆகவே தும்பிக்கையை அடிக்கடி திருப்ப வேண்டும். அத்தானின் யந்திரத்தில் அதற்கு ஒரு நீண்ட கம்பியும், கிணற்று ராட்டினத்துக்கு இருப்பதுபோல் ஒரு கைப்பிடியும் இருந்தன.

அவர் வேலை செய்கிற அழகைச் சொல்ல வேண்டும். யந்திரம் பின்னால் இருப்பதால் டிராக்டரைப் பின்னோக்கி ஓட்ட வேண்டும். கழுத்தைத் திருப்பியபடியே முந்நூறு அடி. முப்பது அடிக்கு ஒரு தரம் நிறுத்தி, இடுப்பை முறுக்கி, வலது கையைப் பின்னால் நீட்டி, கைப்பிடியைப் பத்து சுற்றுச் சுற்றுவார். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரி. அவருக்கு வயது அறுபத்தெட்டு. வலது தோள் கெட்டுப்போய் ஒரு வருஷமாகிறது. மீசையில் பனி உறைந்து, பல்லைக் கடித்துக்கொண்டு அவர் சுற்றுவதை அக்கா ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள். அடுப்பில் பால் பொங்கினாலும் நகர மாட்டாள்.

"இதற்கு ஒரு மோட்டார் வைக்கலாமே அத்தான்?" என்றேன்.

"கை எதற்கு இருக்கிறது, மாப்பிள்ளை? நாளைக்குச் சாதம் பிசையவும் மோட்டார் வைக்கலாம் என்பாய்."

உள்ளூர எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சோம்பேறித்தனத்துக்குத்தானே மோட்டார் என்று நினைத்தேன்.

அன்று இரவு சாப்பாட்டின்போது அக்கா தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "எனக்கு இந்த வீடு பிடிக்கும். ஆனால் இனிமேல் என்னால் ஜன்னலில் நிற்க முடியாது. விற்றுவிட்டு டொரண்டோவில் ஒரு பிளாட்டுக்குப் போய்விடலாம்."

அத்தான் பதில் சொல்லவில்லை. மோர் கேட்டார். அவ்வளவுதான்.

மறுநாள் காலையில், "வா மாப்பிள்ளை, பழைய கார்களை உடைக்கிற இடத்துக்குப் போய் வருவோம்" என்றார்.

முதலில் கார்க் கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர் மோட்டார் ஒன்றை வாங்கி வந்தோம். கைப்பிடியைக் கழற்றிவிட்டுக் கம்பியின் நுனியை மோட்டாரோடு பூட்டினோம். டிராக்டர் பாட்டரியிலிருந்து கரண்டு. ஸ்விட்சைத் தட்டினேன், தும்பிக்கை கம்பீரமாக இடப்பக்கம் திரும்பியது. கைதட்டினேன். வலப்பக்கம் தட்டியதும் பட்டென்று பியூஸ் போயிற்று. மாற்றினோம், மறுபடியும் போயிற்று.

கல்லூரியில் இரண்டு வருஷம் பௌதிகம் படித்த நான் வாயைத் திறக்கவில்லை. அத்தான்தான் கண்டுபிடித்தார். அந்த மோட்டாரின் இரும்புக் கூடே அதற்கு ஒரு கம்பி. காரில் ஒரே பக்கமாகச் சுழலும்வரை கூடு டிராக்டர் உடம்போடு சேர்ந்திருந்தாலும் தொல்லை இல்லை. எதிர்ப்பக்கம் சுழற்றக் கரண்டை மாற்றிக் கொடுத்தால், அது கூடு வழியாக நேரே டிராக்டர் உடம்பில் பாய்கிறது.

"ஏறவும் இறங்கவும் தெரிந்த மோட்டார் வேண்டும்" என்றார் அவர். கார் ஜன்னல் கண்ணாடி ஏறுகிறது, இறங்குகிறது அல்லவா? அந்த மோட்டாருக்குக் கம்பி இரண்டும் தனித்தனி, கூட்டோடு சம்பந்தமில்லை. அதை வாங்கி வந்து பூட்டினோம். விரலை எடுத்தால் தானே நடுவுக்கு வந்து நின்றுவிடும் ஸ்விட்ச் ஒன்று ஸ்டியரிங் பக்கத்தில். தும்பிக்கை சுழலும் வளையத்தில் ஐஸ் கட்டி மோட்டாரை முனக வைத்ததால், அதைச் சுரண்டிக் கிரீஸ் தடவினோம். மோட்டாரின்மேல் பனி படாமலிருக்க, அக்கா சாம்பாரை உறைய வைக்கும் ஐஸ்கிரீம் டப்பாவைக் கவிழ்த்தோம். அதைத் தர மாத்திரம் அவளுக்கு மனசே இல்லை. பழைய கைப்பிடியை அத்தான் எறிந்துவிடவில்லை. துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

இரண்டு நாள் ராஜா மாதிரி ஓட்டினார். நிறுத்தவே இல்லை. காற்று திரும்பினால் கட்டை விரலால் ஒரு தட்டு, தும்பிக்கையும் திரும்பிற்று. மூன்றாம் நாள் காலை அவரால் கையைத் தூக்கிச் சட்டை போட முடியவில்லை. மோட்டார் கொஞ்சம் தாமதமாக வந்துவிட்டது. வெளியே இராத்திரி முழுக்கக் கொட்டியிருந்தது. டாக்டரிடம் போக வேண்டுமானால் முந்நூறு அடியைத் திறந்தாக வேண்டும். எனக்கோ சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது.

அக்கா கோட்டை மாட்டிக்கொண்டாள்.

"உனக்கு வராது" என்றார் அத்தான்.

"டிராக்டர் எனக்கு வரும். நீங்கள் டவுனுக்குப் போன நாளெல்லாம் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அந்தக் கைப்பிடிதான் எனக்கு அசையவில்லை."

அத்தான் அவளை வெகு நேரம் பார்த்தார். பிறகு, "தும்பிக்கை அடைத்துக்கொண்டால் என்ஜினை நிறுத்திவிட்டுக் கம்பால் குத்து. கையை விடாதே. விரல் போனவர்கள் இந்த ஊரில் உண்டு" என்றார். அனுமதி கொடுத்தாயிற்று என்று அர்த்தம்.

அன்று ஜன்னலில் நின்றவர் அத்தான். பால் பொங்கி வழிந்தது, அவரும் நகரவில்லை.

நான் படம் பிடிக்கிறேன் என்று வெளியே போய் வாசற்படியோரம் நின்றேன். கல்லையும் சேர்த்து எறியும், பக்கத்தில் போகாதே என்று அத்தான் எச்சரித்திருந்ததால் தூரத்தில்தான். அக்கா சாலைமுனைவரை போய், நேர்த்தியாகத் திரும்பி வந்தாள். வீட்டை நெருங்கியதும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். விரல் தவறிற்றோ, வேண்டுமென்றே தட்டினாளோ, இன்றுவரை சொல்ல மறுக்கிறாள். தும்பிக்கை மெல்ல என் பக்கம் திரும்பியது.

மல்லிகைப் பூவெல்லாம் இல்லை, நேயர்களே. ஈர மணல் மூட்டையை அவிழ்த்துத் தலையில் கொட்டினதுபோல் இருந்தது. அடுத்த பதிப்பில் அந்த வரியை எடுத்துவிடும்படி பதிப்பாளருக்கு எழுதிவிட்டேன். வீட்டை அவர்கள் விற்கவில்லை.