கேட்கக் கூசும் நண்பருக்கு ஒரு சிரிப்பு

மரக்காணத்தில் கைமாத்து வாங்கும் பருவம் ஒன்று, திருப்பிக் கேட்கும் பருவம் இன்னொன்று. ஐப்பசி மழை இறங்கிவிட்டால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். தை பிறந்து தண்ணீர் வடிந்த பிறகுதான் மறுபடி இறங்க முடியும். சேறு வாரி, வரப்புக் கட்டி, பாத்தி மிதித்து, உவர்நீரை ஏற்றி, அது வெயிலில் சுண்டி முதல் உப்பு விளைவதற்குள் மாசி பங்குனி ஆகிவிடுகிறது. இடைப்பட்ட மாதங்களில் கூலி கிடையாது. மழைக்கால நிவாரணமாக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் தரும் திட்டத்தை 2022-இல் தமிழக அரசு தொடங்கியது. நல்ல காரியம்தான். ஆனால் மூன்று மாதச் சாப்பாட்டுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் அது எப்படிப் போதும்? மிச்சத்தை நட்புதான் சுமக்கிறது. ஒருவர் அரிசி வாங்கித் தருகிறார், ஒருவர் நகையை அடகு வைத்துக்கொள்ளக் கொடுக்கிறார். இன்னொருவர் ஆஸ்பத்திரியில் இரண்டு ராத்திரி துணைக்குப் படுக்கிறார். எதற்கும் சீட்டு கிடையாது, சாட்சி கிடையாது.

உப்பு விளையத் தொடங்கியதும் கொடுத்தவருக்கும் ஒரு தேவை வரும். மகளுக்கு வளைகாப்பு, மகனுக்குக் கல்லூரிப் பணம், அல்லது உப்பு அம்பாரத்தை மூட ஆள் போதவில்லை. அப்போது அவர் நம் வீட்டுப் படி ஏறுவார். வந்ததும் கேட்டுவிட மாட்டார். திண்ணையில் உட்கார்ந்து கழுவேலி ஏரியில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்பார். மூட்டை என்ன விலைக்குப் போகிறது என்பார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரிக்காரன் மாட்டை இடித்ததைச் சொல்வார். தேநீர் குடித்து முடிப்பார். எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசல்வரை போவார். அங்கே நின்று திரும்பி, "அப்புறம்..." என்பார். அந்த "அப்புறம்" வாயில் வருவதற்குள் அவர் பட்ட பாட்டை நான் எத்தனையோ முகங்களில் பார்த்திருக்கிறேன். ராத்திரியே மனைவியிடம் சொல்லி ஒத்திகை பார்த்துவிட்டு வந்திருப்பார். உதவி கேட்பதைவிட, செய்த உதவிக்குப் பதில் கேட்பது கூச்சமான வேலை. முதலாவதில் வறுமை மட்டும் தெரியும். இரண்டாவதில், "இதை மனதில் வைத்துக்கொண்டுதான் அன்றைக்குச் செய்தானா?" என்ற பழியும் வந்து சேர்ந்துவிடுமோ என்று நல்ல மனிதர்கள் பயப்படுவார்கள்.

இந்த இடத்தில்தான் நகைச்சுவைக்கு வேலை இருக்கிறது. அதைச் செய்ய வேண்டியவர் வாங்கியவர். நண்பர் வாய்க்குள்ளேயே உருட்டிக்கொண்டிருக்கும் சொல்லை நாமே எடுத்துச் சிரித்துச் சொல்லிவிட வேண்டும். அவர் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் ஆக்கிவிட வேண்டும்.

இந்தக் கலையில் எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவரை மிஞ்சி ஆள் கிடையாது. அளத்தில் மேஸ்திரியாக இருந்தவர். மழைக்காலத்தில் நண்பரிடம் பணம் வாங்கியிருந்தார். சித்திரையில் அந்த நண்பர் வந்து திண்ணையில் உட்கார்ந்து மழை, விலை, லாரி என்று ஆரம்பித்ததுமே இவர் இடைமறித்தார்.

"ஏன் மாமா சுத்திச் சுத்தி வர்ற? உன் பணத்தைப் பாக்கத்தானே வந்த?"

நண்பரும் லேசுப்பட்டவர் இல்லை. "சேச்சே, கேக்கவெல்லாம் வரல மாப்ள. எப்படி இருக்குதுன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"அதுக்கென்ன, ராசா மாதிரி இருக்குது. அஞ்சு மாசமா நான் பெத்த புள்ள மாதிரி வளத்துட்டேன். திடீர்னு கூட்டிட்டுப் போறேன்னா எனக்கும் மனசு கேக்கணுமில்ல? வெள்ளிக்கிழமை கூலி வருது. சாயங்காலமா வந்து அழைச்சுட்டுப் போ. வீடு பழகிடுச்சு, கொஞ்சம் அழும். பாத்துக்க."

இருவரும் சிரித்த சிரிப்பு எதிர்வீடுவரை கேட்டது. வெள்ளிக்கிழமை பணம் கைமாறியது.

இந்தப் பேச்சைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். கேலி முழுவதும் பணத்தின் மேல்தான் விழுகிறது, கேட்க வந்தவர் மேல் ஒரு சொட்டும் விழவில்லை. அவருடைய வறுமையையோ அவசரத்தையோ அது தொடவில்லை. அதைவிட முக்கியம், கேலிக்குள்ளேயே பதில் இருக்கிறது. எந்தக் கிழமை, எந்த நேரம், எந்தப் பணத்திலிருந்து என்று எல்லாம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமையை எடுத்துவிட்டால் அதே பேச்சு ஏமாற்று வேலையாகிவிடும். சிரிக்க வைத்து அனுப்பிவிடுகிறவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். முதல் தடவை நண்பர் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவார். பாதி வழியில்தான் கை காலியாக இருப்பது தெரியும். இரண்டாவது தடவை அந்த வீட்டுச் சிரிப்பைக் கேட்டாலே அவருக்கு வயிறு எரியும்.

திருக்குறளில் நட்பு என்ற அதிகாரத்தைப் புரட்டினால் இந்த இரண்டு பக்கமும் அருகருகே இருக்கின்றன. கூடிச் சிரிப்பதற்காக மட்டும் நட்பு இல்லை என்று ஒரு குறள் கண்டிக்கிறது. ஆடை நழுவினால் கை எப்படித் தானே ஓடிப்போய்ப் பிடிக்குமோ அப்படி நண்பனின் துன்பத்துக்கு ஓட வேண்டும் என்று நான்கு குறள் தள்ளி இன்னொன்று சொல்கிறது. வள்ளுவர் சிரிப்பை விலக்கச் சொன்னதாக நான் நினைக்கவில்லை. சிரிப்போடு நின்றுவிடாதே என்கிறார். வாய் சிரிக்கும்போதே கை புறப்பட்டிருக்க வேண்டும்.

உப்பு விற்றவர்களின் பேச்சில் சிரிப்பு கலந்தது இன்று நேற்று அல்ல. சிறுபாணாற்றுப்படை பேசும் எயிற்பட்டினம் எங்கள் மரக்காணம்தான் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. அந்தச் சங்க காலத்து நெய்தல் நிலத்தில் உமணர் என்ற உப்பு வணிகர்கள் உப்பைக் கொடுத்து நெல் வாங்கினார்கள். அகநானூற்றின் 390-ஆம் பாட்டில் அம்மூவனார் ஒரு காட்சி வைத்திருக்கிறார். உப்பும் நெல்லும் ஒரே விலை என்று கூவிக்கொண்டு உமணர் வீட்டுப் பெண் தெருவில் வருகிறாள். ஒருவன் வழியை மறித்து, அவள் விற்காத உப்புக்கு விலை கேட்கிறான். அவள் சீறவில்லை. எங்களை வழிமறிக்க நீங்கள் யார் என்று ஒரு குறுஞ்சிரிப்போடு கேட்டுச் சற்று விலகி நிற்கிறாள். இடம் கொடுக்கவும் இல்லை, முகத்தில் அடிக்கவும் இல்லை. கூடாது என்பதைச் சிரித்துக்கொண்டே எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

அந்தத் தெருவில் நெல்லை அளந்ததும் கணக்கு முடிந்துவிடும். நட்பில் அப்படி முடிவதில்லை. பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925-இல் வெளிவந்த கொடையைப் பற்றிய தம் நூலில், கொடுப்பது, பெறுவது, திருப்பித் தருவது மூன்றுமே மனிதர்களைக் கட்டும் கடமைகள் என்று உலகத்துப் பல சமூகங்களை வைத்துக் காட்டினார். இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி, ஆவணி மாதங்களில் போய்ப் பார்த்தால் போதும். அங்கே மொய் விருந்து நடக்கும். கறிச் சோறு போட்டு, நோட்டில் பெயர் எழுதி, பணம் வாங்குவார்கள். பிறகு மற்றவர் விருந்து வைக்கும்போது வாங்கியதோடு கூடக் கொஞ்சம் சேர்த்துச் செய்வார்கள். அங்கே யாரும் கூச வேண்டியதில்லை, நோட்டு கேட்டுக்கொள்ளும். எங்கள் கைமாத்தில் நோட்டு இல்லை. ஆகவே நினைவூட்டும் வேலையைச் சிரிப்பிடம் கொடுத்திருக்கிறோம்.

மாமன், மச்சான், மாப்பிள்ளை என்ற முறைகள் இதற்கென்றே அமைந்தவை போல இருக்கின்றன. அண்ணன் தம்பியிடம் பேச முடியாததை மச்சானிடம் பேசலாம். ஆங்கிலேய மானிடவியலாளர் ராட்கிளிஃப் பிரவுன் 1940-இல் கேலி உறவுகளைப் பற்றி எழுதிய கட்டுரையில், திருமணத்தால் சேர்ந்த இரு வீட்டாரிடையே சண்டை மூள வாய்ப்புள்ள இடத்தில்தான் கேலிக்கு உரிமை தரப்படுகிறது என்று விளக்கினார். எங்கள் குப்பங்களிலும் அளத்துத் தெருக்களிலும் ஒரு சொந்தமும் இல்லாத நண்பர்கள் மாமா, மாப்ள என்று அழைத்துக்கொள்கிறார்கள். பணமும் உதவியும் புழங்கும் நட்பு எந்நேரமும் உரசக்கூடியது. அதனால் கேலிக்கான அந்த உரிமையை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

பெண்கள் இதில் ஆண்களைவிடத் தேர்ந்தவர்கள். உப்புக் கூடையைத் தலையில் ஏற்றி அம்பாரத்துக்கு நடக்கிறவர்களுக்குச் சுற்றி வளைக்க நேரம் இல்லை. காய்ச்சலில் கிடந்த ஒருத்தியின் வேலையை இன்னொருத்தி சேர்த்துச் செய்திருந்தாள். பிறகு ஒருநாள் அப்படிச் செய்து கொடுத்தவளுக்கு ரேஷன் கடையில் நிற்க ஆள் தேவைப்பட்டது.

"அக்கா, அன்னைக்கி ஏத்தின உன் கூடை இன்னும் என் தலையிலேயே இருக்குது. கொஞ்சம் எறக்கி வையேன்."

"எறக்கிட்டாப் போவுது. அதுக்கு ஏண்டி கழுத்த இப்படி வளைக்கிற? கார்டைக் குடு, எத்தனை மணிக்குப் போகணும் சொல்லு."

கேட்டவளும் கேலி செய்தாள், கேட்கப்பட்டவளும் கேலி செய்தாள். இரண்டு மூச்சில் காரியம் முடிந்துவிட்டது.

"உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்ற பழமொழி உப்பு விளைகிற ஊரில் கனமானது. இதை யார் சொல்லலாம் என்பதில் மட்டும் எனக்கு உறுதியான கருத்து உண்டு. உப்புத் தின்றவர் சொல்ல வேண்டிய சொல் அது. உப்புப் போட்டவர் வாயில் அது வந்தால் மிரட்டலாகிவிடுகிறது. பதில் உதவி கேட்க வந்தவர் இந்தப் பழமொழியை எடுப்பதற்கு முன்பு நாமே எடுத்துக்கொண்டுவிட்டால் அவருடைய மரியாதை காப்பாற்றப்படும்.

செய்ய முடியாமல் போகிற நாளும் உண்டு. அங்கே கேலிக்கு அளவு இன்னும் குறைவு. "என் முட்டி ரெண்டும் வேலைநிறுத்தம் பண்ணுது மச்சான், பேச்சுவார்த்தை நடக்குது. பெரியவனை அனுப்புறேன், விடியக்காலையில வந்து நிப்பான்" என்று சொல்லலாம். ஒரு கையை விரித்தால் மறு கையில் ஏதாவது இருக்க வேண்டும். மாற்றாகத் தர எதுவுமே இல்லையென்றால் சிரிப்பை விட்டுவிட்டு, நண்பரின் கையைப் பிடித்துக்கொண்டு, இப்போது முடியாது, காரணம் இது என்று நேராகச் சொல்லிவிடுவதே அழகு. நண்பரின் மனைவி மக்கள் எதிரில் கேலி வேண்டாம். சாவு வீடு, ஆஸ்பத்திரி, காவல் நிலையம் என்று ஓடுகிறவரிடம் அறவே வேண்டாம். அவருடைய "அப்புறம்" முடிவதற்குள் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. மேலும் கீழுமாக இருக்கும் இருவருக்கிடையில் நான் சொல்லும் நகைச்சுவை நடக்காது. மழைக்காலத்தில் முன்பணம் கொடுத்த அள முதலாளி, பருவம் வந்ததும் தொழிலாளியிடம் "என்னப்பா, நம்ம பணம் உன் வீட்டுல சௌக்கியமா?" என்று சிரித்தால், தொழிலாளியும் சிரிப்பார். சிரிக்காமல் இருக்க அவருக்கு வழியில்லை. அது கேலியே இல்லை, கூலியைக் குறைத்துக்கொண்டு வா என்பதன் வேறு வடிவம். திருப்பிக் கேலி பேச முடியாதவரிடம் கேலி பேசுவது அநியாயம். கேலிக்குப் பதில் கேலி வர இடமிருந்தால்தான் அது நட்பு.

இப்போது பிள்ளைகள் எல்லாவற்றையும் போனில் எழுதி அனுப்புகிறார்கள். மேஸ்திரி திண்ணையில் பேசிய அதே பேச்சை வாட்ஸப்பில் எழுதினால் படிக்கிறவருக்குக் குத்தும். முகம் தெரியாது, குரல் ஏறி இறங்குவது தெரியாது. அனுப்பியவர் சிரித்தாரா, இளித்தாரா என்று ராத்திரி முழுக்க யோசித்துக்கொண்டிருப்பார். பணத்தைப் போனில் அனுப்புங்கள், பேச்சை நேரில் பேசுங்கள். தூரமாக இருந்தால் கூப்பிட்டாவது பேசுங்கள். அப்படி ஒரு பேச்சை நான் கேட்டிருக்கிறேன்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது எங்கள் அளங்கள் எல்லாம் ஒரே தண்ணீர்க்காடாகிவிட்டன. உள்ளே தள்ளி இருக்கும் மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்குக் கொட்டியது. 2020-இல் நிவர் புயல் இதே கரையோரம் ஏறியபோது பட்டதையே ஊர் இன்னும் மறந்திருக்கவில்லை. மின்சாரம் இல்லை. தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாருக்கு ஜெனரேட்டர் வேண்டும். எங்கள் தெருப் பையன் ஒருவன் திண்டிவனத்தில் பந்தல் போடும் நண்பனைக் கூப்பிட்டான். முந்தின வருடம் அவனுடைய தங்கை கல்யாணத்துக்கு இவன்தான் மூன்று நாள் பந்திக்கு நின்றவன். நான் பக்கத்தில் இருந்தேன். பையன் தயங்கித் தயங்கி, "மச்சான், ஒன்னு கேக்கணும்..." என்றான். அந்தப் பக்கத்துக் குரல் போனைத் தாண்டி எனக்கே கேட்டது.

"மூணு நாள் சாம்பார் ஊத்தினியே, அதுக்குத்தானே? ஒரு வருசமா உன் போனுக்குத்தான்டா காத்துக்கிட்டிருக்கேன். என்ன வேணும், எங்க கொண்டாந்து எறக்கணும், அத மட்டும் சொல்லு. டீசல் நான் ஊத்திக்கிறேன், சாம்பாரை மட்டும் நீ ஊத்து."

சாலையில் தண்ணீர் வடியாததால் வண்டி வர மறுநாள் மத்தியானம் ஆகிவிட்டது. தெருவில் ஏழெட்டு வீட்டுக்குத் தொட்டித் தண்ணீர் ஏறியது. பையனின் அம்மா சாம்பாரே வைத்திருந்தார்.