உடையார்பாளையம் டு பிச்சாவரம்: குடும்பத்தோடு போனால் எந்தப் படகு?

எங்கள் உடையார்பாளையத்தில் கடல் கிடையாது. பாட்டிக்கோ படகில் போக ஆசை; தண்ணீர் என்றால் பயமும் உண்டு. ஜெயங்கொண்டம், காட்டுமன்னார்கோவில், சிதம்பரம் வழியாகக் காலையிலேயே பிச்சாவரம் போய்விட்டோம்.

சுற்றுலா வளர்ச்சிக் கழகப் படகுத்துறையில் துடுப்புப் படகு, மோட்டார் படகு இரண்டும் உண்டு. "மோட்டார்தான் சீக்கிரம்" என்றான் தம்பி. ஆனால், அது அகலமான நீர்வழியில்தான் ஓடும். சுரபுன்னை மரங்கள் கூரையாகக் கவிந்த குறுகலான கால்வாய்களுக்குள் நுழைவது துடுப்புப் படகுதான். இரைச்சல் இல்லாததால் பறவைகளையும் நின்று பார்க்கலாம். அதையே எடுத்தோம்.

ஏறும் முன், லைஃப் ஜாக்கெட் குழந்தைகளுக்குச் சரியான அளவா என்று பாருங்கள்; தொளதொளவென்றிருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

படகின் விளிம்பை இறுகப் பிடித்திருந்த பாட்டி, காட்டுக்குள் போனதும் கையை எடுத்துவிட்டார். "இன்னும் கொஞ்சம் உள்ளே போப்பா" என்றார் படகுக்காரரிடம்!