சாட்டிலைட் பேனலுக்குப் பாசி பிடிக்குமா?

மழைக்காலத்தில் எங்கள் கூடலூர் பக்கம் வந்தால் தெரியும், ஒரு சோலார் பேனல் என்ன பாடு படும் என்று. யானை வராமலிருக்கத் தோட்டத்தைச் சுற்றி சோலார் வேலி போட்டிருப்பார்கள். ஜூன் பிறந்தால் வாரக்கணக்கில் வெயில் முகமே கிடையாது. பேனல் மேல் சில்வர் ஓக் இலை, ஓரத்தில் பச்சைப் பாசி. பேட்டரி இறங்கினால் வேலி வெறும் கம்பி. அது நமக்குத் தெரிவதற்கு முன் யானைக்குத் தெரிந்துவிடும் :)

அதனால் நண்பன் கேட்டது எனக்கு நியாயமாகவே பட்டது. "மேலே மழை இல்ல, மேகம் இல்ல, பாசி இல்ல. சாட்டிலைட்ல மாட்டுன பேனல் ஆயுசுக்கும் ஓடும்தானடா?"

ஓடும், ஆனால் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே ஓடும்.

சோலார் செல் என்பது சிலிக்கன் படிகம். அணுக்கள் வரிசை பிசகாமல் நிற்கும். வெளிச்சம் பட்டதும் உள்ளே எலக்ட்ரான் ஒன்று விடுபடுகிறது. செல்லுக்குள் இரண்டு வகை சிலிக்கன் சேரும் இடத்துக்கு, அதாவது சந்திப்புக்கு, அது போய்ச் சேர்ந்தால்தான் மின்சாரம். பறித்த கொழுந்து எடை போடும் இடத்துக்கு வந்தால்தான் கணக்கில் ஏறும், அதுபோல. விண்வெளியில் வேகமாக வரும் புரோட்டானோ எலக்ட்ரானோ மோதும்போது வரிசையில் நிற்கும் ஓர் அணு இடம் பெயர்கிறது. அங்கே ஒரு பள்ளம். வழியில் போகும் எலக்ட்ரான் அதில் விழுந்தால் கதை முடிந்தது. ஒரு பள்ளத்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் வருஷக்கணக்கில், கோடிக்கணக்கில் சேர்ந்தால்? வெளியிலிருந்து பார்க்க ஒரு கீறல்கூட இருக்காது, கரண்ட் மட்டும் குறையும். எனக்கு இதுதான் கொஞ்சம் பயமாக இருக்கிறது. பாசியையாவது துணியால் துடைக்கலாம்.

இந்தத் துகள்கள் எங்கிருந்து வருகின்றன? ஒன்று, பூமியைச் சுற்றியுள்ள வான் ஆலன் பட்டைகள். 1958-இல் தெரிய வந்தவை. இன்னொன்று சூரியன். 2000 ஜூலையில் வந்த சூரியப் புயலில் சோஹோ விண்கலத்தின் பேனல்கள் ஒரு வருஷத்தில் இழக்க வேண்டியதை ஒரே நாளில் இழந்தன.

சூரியப் புயலின் ஆட்டத்தை நம் மலையிலிருந்தே பார்க்கிறார்கள். ஊட்டியில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் கிரேப்ஸ்-3 இருக்கிறது. 2015 ஜூன் 22 அன்று சூரியனிலிருந்து கிளம்பிய பிளாஸ்மா மேகம் பூமியின் காந்தக் கவசத்தைப் பலவீனமாக்கியது. வழக்கத்தைவிட அதிகமாக மியூயான்கள் வருவதை கிரேப்ஸ் சுமார் 2 மணி நேரம் பதிவு செய்தது. (பேனலைக் கெடுப்பது இந்த மியூயான் அல்ல, அது காற்று மண்டலத்தில் பிறந்து கீழே வருவது.)

இதில் மனிதன் செய்த கூத்தும் உண்டு. 1962 ஜூலை 9-இல் அமெரிக்கா பசிபிக் கடலுக்கு மேல் சுமார் 400 கி.மீ. உயரத்தில் ஓர் அணுகுண்டை வெடித்தது. பெயர் ஸ்டார்ஃபிஷ் பிரைம். அதிலிருந்து கொட்டிய எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சிக்கி ஒரு புதுப் பட்டையே உருவானது. பிரிட்டனின் முதல் செயற்கைக்கோள் ஏரியல்-1-இன் பேனல்கள் அடி வாங்கின. அமெரிக்காவின் சொந்த டிரான்சிட்-4பி, டிராக் இரண்டும் செல்கள் கெட்டு சில வாரங்களில் மௌனமாயின. சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான்!

மறுநாளே ஏவப்பட்ட டெல்ஸ்டாரில் முன்யோசனை இருந்தது. அதுவரை செல்லின் அடிப்பகுதி என்-டைப் சிலிக்கன். டெல்ஸ்டாரில் பி-டைப் போட்டார்கள், அது கதிர்வீச்சைக் கூடுதலாகத் தாங்கும். செல்களுக்கு மேல் செயற்கை நீலக்கல் மூடி வேறு. செல்கள் தாங்கின, ஆனால் உள்ளே டிரான்சிஸ்டர்கள் கெட்டு 1963 பிப்ரவரியில் அதன் கதை முடிந்தது.

இப்போது ஒவ்வொரு செல்லுக்கும் தலைமுடி கனத்தில் ஒரு கண்ணாடி. சாதாரணக் கண்ணாடி கதிர்வீச்சில் பழுப்பேறும் என்பதால் சீரியம் கலக்கிறார்கள். வேகம் குறைந்த புரோட்டானை அது நிறுத்தும், வேகமானதை நிறுத்தாது. கனமாகப் போடலாமே என்றால், எடை! ராக்கெட்டில் ஒவ்வொரு கிலோவுக்கும் காசு. ஆகவே கடைசி வருஷத்துத் தேவையைக் கணக்குப் போட்டு, முதல் நாளே பேனலைப் பெரிதாகக் கட்டி அனுப்புகிறார்கள். தேய்மானத்தை முன்கூட்டியே கொடுத்துவிடுவது.

இந்தக் கணக்கு மெதுவான தேய்மானத்துக்கு மட்டும்தான். திடீர்க் கோளாறு வேறு ஜாதி. இன்சாட்-4பி 2007 மார்ச்சில் போனது. 2010 ஜூலை 7-இல் அதன் ஒரு பக்கப் பேனலிலிருந்து மின்சாரம் வருவதில் கோளாறு. 24 டிரான்ஸ்பாண்டரில் பாதியை அணைக்க வேண்டியதாயிற்று. அதை நம்பியிருந்த சன் டைரக்ட், மலேசியாவின் மீசாட்-3-க்கு ஓடியது. பேனலின் தயவில்தான் டிவி சீரியல் ஓடுகிறது என்று தமிழ்நாட்டுக்குப் புரிந்த நாள் அது.

மிச்சப் பாதியோடு அது 12 வருஷத் திட்ட ஆயுளையும் தாண்டி ஓடி, 2022 ஜனவரியில் தன் பாதையிலிருந்து சுமார் 340 கி.மீ. மேலே தள்ளப்பட்டு ஓய்வு பெற்றது. அதே 93.5 டிகிரி கிழக்கில் 2015-இல் ஏவிய ஜிசாட்-15 நிற்கிறது. இங்கிருந்து பார்த்தால் தென்கிழக்கு வானம், நல்ல உயரத்தில். அதன் பேனலிலும் பள்ளம் விழுந்துகொண்டுதான் இருக்கிறது.